சீரியல் எண் எங்கிருந்து வருகிறது: போஸ்ட்கிரஸில் சீக்வென்ஸும் நிரலும்

தோட்டத்து ஆபீஸில் எக்ஸெலில் கிடக்கும் பழைய தேயிலைக் கொழுந்துக் கணக்கைப் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ஏற்றுகிறார்கள். எல்லா நிரைகளும் (கிடைவரிப் பதிவுகளும்) பழுதில்லாமல் ஏறிவிடும். கூட்டிப் பார்த்தால் கிலோவும் சரி, ஆட்கணக்கும் சரி. மறுநாள் மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) காலைக் கொழுந்தை நிறுத்து முதல் பதிவைப் போடும்போதுதான் "டூப்ளிகேட் கீ வேல்யூ வயலேட்ஸ் யுனீக் கன்ஸ்ட்ரெய்ன்ட்" என்ற பிழை வரும், அதாவது ஏற்கெனவே உள்ள எண் மறுபடி வருகிறது என்று. மீண்டும் அழுத்தினாலும் அதே பிழைதான். பழைய எண்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால் சில தடவைக்குப் பிறகு ஒரு பதிவு மட்டும் ஏறும், அடுத்தது மறுபடி விழும். இந்த இரண்டாவது வகைதான் கூடுதல் ஆபத்து. சிக்னல் கோளாறு என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருப்பார்கள்.

காரணம் இதுதான். வரிசை எண் இருக்கும் நிரலும் (அட்டவணையின் நெடுக்குப் பத்தி), அந்த எண்ணை உண்டாக்கும் சீக்வென்ஸும் இரண்டு வெவ்வேறு பொருள்கள். எண்களைக் கையால் கொடுத்து நிரைகளை ஏற்றினால் சீக்வென்ஸுக்கு அது தெரியாது. 40,000 நிரை ஏறிய பிறகும் அது அடுத்ததாக 1 என்றுதான் சொல்லும்.

இனி வரும் கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அட்டவணைப் பெயரையும் நிரல் பெயரையும் போஸ்ட்கிரஸில் தமிழிலேயே வைக்கலாம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாததால் இரட்டை மேற்கோள் தொல்லையும் இல்லை.

சீரியல் என்பது ஒரு சுருக்கெழுத்து

சீரியல் என்று ஒரு தரவு வகை உண்மையில் கிடையாது. "எண் சீரியல்" என்று எழுதினால் போஸ்ட்கிரஸ் அதை மூன்று வேலைகளாக விரித்துச் செய்கிறது:

கிரியேட் சீக்வென்ஸ் நிறுவை_எண்_செக் ஆஸ் இன்டிஜர்;
கிரியேட் டேபிள் நிறுவை (எண் இன்டிஜர் நாட் நல் டிஃபால்ட் நெக்ஸ்ட்வால்('நிறுவை_எண்_செக்'), ஆள்_எண் இன்டிஜர், டிவிசன் டெக்ஸ்ட், திகதி டேட், கிலோ நியூமெரிக்(6,1));
ஆல்டர் சீக்வென்ஸ் நிறுவை_எண்_செக் ஓன்ட் பை நிறுவை.எண்;

இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் எதிரெதிர்த் திசையில் இரண்டு பிணைப்புகளைப் போடுகின்றன. டிஃபால்ட் என்பது நிரலிலிருந்து சீக்வென்ஸை நோக்கிப் போவது: மதிப்புக் கொடுக்காவிட்டால் அங்கே போய் நெக்ஸ்ட்வால் என்ற செயற்பாட்டால் அடுத்த எண்ணை வாங்கு என்கிறது. ஓன்ட் பை சீக்வென்ஸிலிருந்து நிரலை நோக்கி வருவது: இந்தச் சீக்வென்ஸ் இந்த நிரலுக்குச் சொந்தம், நிரல் போனால் இதுவும் போகட்டும் என்கிறது. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்ற உறுதி இல்லை. சீக்வென்ஸ் சம்பந்தமாக வரும் பெரும்பாலான குழப்பங்களில், இந்த இரண்டில் ஒன்று இல்லாமலோ தவறான இடத்தைக் காட்டிக்கொண்டோ இருப்பதைப் பார்க்கலாம்.

டிஃபால்ட் மட்டும் இருந்து ஓன்ட் பை இல்லையென்றால் அன்றாட வேலை ஒழுங்காகவே நடக்கும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அட்டவணையை அழித்தால் சீக்வென்ஸ் அநாதையாகத் தங்கிவிடும். அட்டவணையைக் காலியாக்கும் ட்ரன்கேட் கட்டளையோடு "ரீஸ்டார்ட் ஐடென்டிட்டி" கொடுத்தாலும் எண் 1-இலிருந்து தொடங்காது, ஏனென்றால் அது சொந்தமான சீக்வென்ஸை மட்டுமே தொடும். ஓன்ட் பை மட்டும் இருந்து டிஃபால்ட் இல்லையென்றால் எண்ணே வராது, "நாட் நல்" (வெறுமையாக விடக் கூடாது) பிழை விழும். "ட்ராப் சீக்வென்ஸ்" கொடுத்து, டிஃபால்ட் அதை நம்பியிருக்கிறது என்று போஸ்ட்கிரஸ் மறுத்த பிறகும், நம்பியிருப்பவற்றையும் சேர்த்து நீக்கும் கேஸ்கேட் போட்டு அடித்தவர்களுக்கும் இதே பிழைதான் விழும். கேஸ்கேட் நிரலையோ அட்டவணையையோ தொடாது. டிஃபால்ட்டை மட்டும் சத்தமில்லாமல் கழற்றிவிடும்.

எது இருக்கிறது என்று பார்ப்பது எளிது. போஸ்ட்கிரஸின் கட்டளைச் சாளரமான பிஎஸ்கியூஎல்லில் பின்சாய்கோடு, டி, அட்டவணைப் பெயர் கொடுத்தால் டிஃபால்ட் தெரியும். அதே கட்டளையைச் சீக்வென்ஸ் பெயரோடு கொடுத்தால் கீழே "ஓன்ட் பை" என்று ஒரு வரி வரும். அந்த வரி வராவிட்டால் சொந்தம் இல்லை. கட்ட வேண்டுமானால் மேலே உள்ள மூன்றாவது கட்டளை ஒன்றே போதும். சீக்வென்ஸும் அட்டவணையும் ஒரே ஸ்கீமாவில் (அட்டவணைகளைத் தொகுத்து வைக்கும் பிரிவில்), ஒரே பயனரின் உடைமையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பெயரை ஊகிக்காதீர்கள்

அட்டவணைப் பெயர், நிரல் பெயர், கடைசியில் எஸ்.ஈ.கியூ. என்ற வால் (மேலே 'செக்' என்று எழுதியது). சீக்வென்ஸின் பெயர் இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் எழுதும் வழக்கம் பரவலாக உண்டு. அட்டவணைக்குப் பெயர் மாற்றினால் சீக்வென்ஸின் பெயர் கூடவே மாறாது, இது முதல் சிக்கல். ஓட்டத்துக்கு இதனால் பழுதில்லை. நெக்ஸ்ட்வாலுக்குள் இருப்பது ரெக்கிளாஸ் வகையில் சேமித்த உள் அடையாள எண்தான், பெயர் அல்ல. பெயரை ஊகித்த ஸ்கிரிப்ட் மட்டும் உடையும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. போஸ்ட்கிரஸில் ஒரு பெயருக்கு 63 பைட் மட்டுமே இடம். யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகிறது, புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும். "கொ" என்று கண்ணுக்குத் தெரிவது 6 பைட். "கொழுந்து_நிறுவை" என்ற அட்டவணைப் பெயர் 43 பைட். "வரிசை_எண்" என்ற நிரல் பெயர் 25 பைட். நடுவில் ஒரு அடிக்கோடும் கடைசியில் அடிக்கோட்டோடு வாலும் சேர்ந்தால் 73. கூடுதலான 10 பைட்டை நீளமான பெயரிலிருந்து போஸ்ட்கிரஸ் கழிக்கும், ஒரு குறியை நடுவே உடைக்காமல் கழிக்கும். கடைசியில் கிடைப்பது "கொழுந்து_நி_வரிசை_எண்" என்பதோடு அந்த வால். இதை யாரும் ஊகித்திருக்க மாட்டார்கள்.

சரியான வழி கேட்டுத் தெரிந்துகொள்வது:

செலக்ட் பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ்('கொழுந்து_நிறுவை', 'வரிசை_எண்');

இந்தச் செயற்பாடு ஓன்ட் பை பிணைப்பைத்தான் பார்க்கிறது, டிஃபால்ட்டைப் பார்ப்பதில்லை. கையால் சீக்வென்ஸ் உண்டாக்கி டிஃபால்ட் மட்டும் கொடுத்திருந்தால் விடை நல் என்று வரும்.

ஏற்றிய பின் எண்ணைச் சரிசெய்தல்

தொடக்கத்தில் சொன்ன பிழைக்கு எல்லோரும் எழுதும் மருந்து, சீக்வென்ஸின் எண்ணை மாற்றும் செட்வால், நிரலில் உள்ள மிகப்பெரிய எண்ணைத் தரும் மேக்ஸ் இரண்டையும் சேர்த்த ஒரு வரி. அதில் இரண்டு குழிகள் உண்டு. அட்டவணை வெறுமையாக இருந்தால் மேக்ஸ் நல் ஆகிவிடும், நல் கொடுத்தால் செட்வால் எதுவும் செய்யாது, பிழையும் காட்டாது. அதேபோல ஓன்ட் பை இல்லாமல் பெயர் நல் ஆனாலும் மௌனமாக நல் திரும்பும். வேலை முடிந்தது என்று நினைத்துப் போய்விடுவீர்கள், சீக்வென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே இப்படி எழுதுங்கள்:

பிகின்;
லாக் டேபிள் நிறுவை இன் எக்ஸ்க்ளூசிவ் மோட்;
செலக்ட் செட்வால்(பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ்('நிறுவை','எண்'), கோஅலெஸ்(மேக்ஸ்(எண்),0)+1, ஃபால்ஸ்) ஃப்ரம் நிறுவை;
கமிட்;

மேக்ஸ் நல் ஆனால் கோஅலெஸ் அதற்குப் பதில் 0 வைக்கும். மூன்றாவது இடத்தில் உள்ள ஃபால்ஸ், "இந்த எண் இன்னும் கொடுக்கப்படவில்லை, அடுத்துக் கொடுக்க வேண்டியது இதுவே" என்று பொருள்படும். அது இல்லாவிட்டால் கொடுத்த எண்ணுக்கு அடுத்ததுதான் வரும். அட்டவணையைப் பூட்டும் லாக் ஏன் என்றால், மேக்ஸைக் கணக்கிடும் நேரத்துக்கும் செட்வாலுக்கும் இடையில் இன்னொரு மடுவத்திலிருந்து பதிவு நுழைந்துவிடக் கூடாது. திரும்பி வந்த விடை எண்ணாக இருக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஐடென்டிட்டி

2017-இல் வந்த போஸ்ட்கிரஸ் 10 முதல் "ஜெனரேட்டட் ஆல்வேஸ் ஆஸ் ஐடென்டிட்டி", "ஜெனரேட்டட் பை டிஃபால்ட் ஆஸ் ஐடென்டிட்டி" என்று, தானாக எண் வாங்கும் நிரலை அறிவிக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. எஸ்கியூஎல் 2003 தரநிலையிலிருந்து எடுத்தவை. உள்ளே இருப்பது அதே சீக்வென்ஸ்தான், ஆனால் பிணைப்பு நிரலின் பாகமாகவே இருக்கிறது. தனியாக ட்ராப் செய்ய முடியாது, டிஃபால்ட் மட்டும் கழன்றுவிழவும் வழியில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் சீரியலை எழுத எந்தக் காரணமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அனுமதி விடயத்தில் இது பெரிய ஆறுதல். சீரியல் நிரலில், பதிவு போடும் பயனருக்கு அட்டவணையில் இன்சர்ட் அனுமதி கொடுத்தது போதாது. சீக்வென்ஸில் யூசேஜ் அனுமதியும் தனியே கொடுக்க வேண்டும், மறந்தால் "பெர்மிஷன் டினைட் ஃபார் சீக்வென்ஸ்" வரும். ஐடென்டிட்டியில் அட்டவணை அனுமதி மட்டும் போதும்.

அடுத்தது அட்டவணையைப் பிரதி எடுக்கும்போது. வருட முடிவில் "கிரியேட் டேபிள் நிறுவை_புதிது (லைக் நிறுவை இன்க்ளூடிங் ஆல்)" என்று புதிய அட்டவணை செய்வது பலரின் பழக்கம். சீரியல் நிரலாக இருந்தால் டிஃபால்ட் அப்படியே பிரதியாகும், அதாவது புதிய அட்டவணை பழைய அட்டவணையின் சீக்வென்ஸிலிருந்தே எண் வாங்கும். சொந்தம் பழையதற்குத்தான். பிறகு ஒருநாள் பழையதை கேஸ்கேட் போட்டு அழித்தால் சீக்வென்ஸும் போகும், கூடவே புதிய அட்டவணையின் டிஃபால்ட்டும் போகும், அடுத்த நிறுவையே விழும். ஐடென்டிட்டி நிரலுக்கு இதே கட்டளை ஒரு புதிய சீக்வென்ஸை உண்டாக்கிக் கொடுக்கும்.

ஆல்வேஸ் வடிவத்தில் எண்ணைக் கையால் கொடுத்தால் இன்சர்ட் மறுக்கப்படும். வேண்டுமென்றே கொடுப்பதானால் "ஓவர்ரைடிங் சிஸ்டம் வேல்யூ" சேர்க்க வேண்டும். கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றும் காப்பி கட்டளைக்கு இந்தத் தடை இல்லை, கோப்பில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆல்வேஸ் போட்டுவிட்டோம் என்று காப்பிக்குப் பின்னான செட்வாலை விட்டுவிடாதீர்கள்.

இருக்கும் சீரியலை ஐடென்டிட்டியாக மாற்ற ஒரே ட்ரான்ஸாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் வேலைத் தொகுதிக்குள்) அட்டவணையைப் பூட்டி, டிஃபால்ட்டைக் கழற்றி, பழைய சீக்வென்ஸை ட்ராப் செய்து, "ஆல்டர் டேபிள் நிறுவை ஆல்டர் காலம் எண் ஆட் ஜெனரேட்டட் பை டிஃபால்ட் ஆஸ் ஐடென்டிட்டி" (இதில் 'காலம்' என்பது நிரலுக்கான ஆங்கிலச் சொல்) கொடுத்து, மேலே உள்ள செட்வாலை ஓட்டி, கமிட் செய்து உறுதிப்படுத்துங்கள். நிரல் முன்பே நாட் நல் ஆக இருக்க வேண்டும். பழைய சீக்வென்ஸை அழிக்காமல் விட்டால் ஒரே நிரலுக்குச் சொந்தமாக இரண்டு சீக்வென்ஸ் நிற்கும், பிறகு பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ் எதைத் தரும் என்று நம்ப முடியாது.

எண் எப்போது தீரும் என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டே முடிவெடுக்கலாம். இன்டிஜரின் உச்சம் 2,147,483,647. ஆயிரம் பேர், நாளைக்கு மூன்று நிறுவை, வருடத்துக்கு 300 நாள் என்றால் 900,000 எண்தான் செலவு, கவலையே வேண்டாம். ஆனால் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டிகளில் 20 உணரிகளை வைத்து ஒவ்வொன்றும் செக்கனுக்கு ஒரு வெப்பநிலை எழுதினால் வருடத்துக்கு 630,720,000 நிரை. மூன்றரை வருடம் நிறைவதற்குள் முடிந்துவிடும். அப்படியான அட்டவணைக்குத் தொடக்கத்திலேயே பிக்இன்ட் (இன்டிஜரைவிடப் பெரிய முழு எண் வகை) வையுங்கள். பின்னால் மாற்றினால் அட்டவணை முழுவதையும் பூட்டி மீண்டும் எழுத வேண்டிவரும். சீரியலில் நிரலின் வகையை மட்டும் மாற்றினால் சீக்வென்ஸ் இன்டிஜராகவே நின்று அதே எல்லையில் முட்டும், "ஆல்டர் சீக்வென்ஸ் ஆஸ் பிக்இன்ட்" தனியே தேவை. ஐடென்டிட்டியில் இரண்டும் சேர்ந்து மாறும்.

இடைவெளியும் வரிசையும்

எண் 412-க்குப் பிறகு 414 வந்தால், யாரோ ஒரு பதிவை அழித்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. வங்கியில் டோக்கன் எடுத்தவர் எழுந்து போனாலும் அந்த எண் அடுத்தவருக்குக் கிடைக்காது, நெக்ஸ்ட்வாலும் அப்படித்தான். ட்ரான்ஸாக்ஷன் ரோல்பேக் (ரத்து) ஆனாலும் எடுத்த எண் திரும்பாது. "ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்" (மோதினால் விட்டுவிடு) கொடுத்து நிரை நுழையாமல் போனாலும் எண் செலவாகிவிடும். ஒவ்வொரு தடவையும் டிஸ்கில் எழுதாமலிருக்க போஸ்ட்கிரஸ் 32 எண்களை முன்கூட்டியே பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமழைக்கு மின்சாரம் பட்டென்று போய், யூபிஎஸ்ஸும் தாங்காமல் வழங்கி (சேர்வர்) விழுந்தால், மீண்டும் எழும்போது 32 எண்வரை தாவியிருக்கலாம். ஒழுங்காக நிறுத்தித் தொடங்கினால் இந்தத் தாவல் வராது.

சிறுதோட்டக்காரருக்குக் கொடுக்கும் கொழுந்துச் சிட்டையில் (ரசீதில்) எண் விடுபடவே கூடாது என்றால் அதற்குச் சீக்வென்ஸ் பொருத்தமில்லை. டிவிசனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) ஒரு நிரையோடு "சிட்டை_எண்" என்ற சின்ன அட்டவணை வைத்து, "அப்டேட் சிட்டை_எண் செட் கடைசி = கடைசி + 1 வேர் டிவிசன் = 'மேல்' ரிட்டர்னிங் கடைசி" என்று எண்ணை வாங்குங்கள். ரோல்பேக் ஆனால் எண்ணும் பின்வாங்கும். அந்த நிரை கமிட் வரை பூட்டியிருக்கும் என்பதுதான் விலை. ஆகவே மற்ற வேலைகளை முடித்துவிட்டு, கடைசி அடியாக இதைச் செய்யுங்கள்.

வரிசையும் நம்பத் தக்கதல்ல. ஒரு மடுவம் 501-ஐ வாங்கிவிட்டு மெதுவாக நிற்கிறது, இன்னொன்று 502-ஐ வாங்கி உடனே கமிட் செய்கிறது. அந்தக் கணத்தில் "கடைசியாகப் பார்த்த எண்ணுக்கு மேலானவற்றை எடு" என்று கொழும்புக்கு அனுப்பும் நிரலி ஓடினால் 502 போகும், பார்த்த எண் 502 ஆகும். பிறகு கமிட் ஆகும் 501 ஒருபோதும் போகாது. ஓர் ஆளின் ஒரு நேரக் கொழுந்து சம்பளக் கணக்கில் இல்லாமல் போவது சின்ன விடயமல்ல. அனுப்பியாயிற்றா என்று ஒவ்வொரு நிரையிலும் ஒரு குறி வைத்து, குறி விழாதவற்றை எடுப்பதே பாதுகாப்பு.

வேறு தரவுத்தளங்களிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. மைஎஸ்கியூஎல்லின் ஆட்டோ இன்கிரிமென்ட் அட்டவணையின் பண்பு, தனிப் பொருளல்ல. கையால் பெரிய எண் கொடுத்தால் தானாகவே மேலே ஏறிக்கொள்ளும், ஆகவே அங்கிருந்து வருபவர்கள் செட்வாலை மறப்பது இயல்பு. அதன் 8.0 பதிப்புக்கு முன், இன்னோடிபி என்ற அதன் சேமிப்பு இயந்திரத்தில் அந்த எண்ணி நினைவகத்தில் மட்டும் இருந்தது. கடைசி நிரைகளை அழித்துவிட்டு வழங்கியை மீளத் தொடங்கினால் அதே எண்கள் மறுபடி வரும். ஒரக்கிளில் ஐடென்டிட்டி 12சி பதிப்பில் வந்தது, அதற்கு முன் சீக்வென்ஸும் ட்ரிகரும் (நிரை சேரும்போது தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) கையால் எழுத வேண்டும்.

சிக்னல் இல்லாத டிவிசன்கள்

மலைக்குப் பின்னால் உள்ள டிவிசனில் சிக்னல் கிடைக்காது. அங்கே ஒரு மடிகணினியில் தனித் தரவுத்தளம் ஓடும், பின்னேரம் ஆபீஸுக்கு வந்து ஒன்றுசேர்ப்பார்கள். மூன்று இடத்திலும் 1, 2, 3 என்று எண் ஓடினால் சேர்க்கும்போது மோதும். ஒவ்வொரு இடத்திலும் "இன்கிரிமென்ட் பை 10" வைத்து, மேல் டிவிசனில் "ஸ்டார்ட் வித் 1", கீழ் டிவிசனில் 2, நடு டிவிசனில் 3 என்று தொடங்குங்கள். மேல் டிவிசனில் 1, 11, 21 என்றும் கீழ் டிவிசனில் 2, 12, 22 என்றும் போகும். கடைசி இலக்கத்தைப் பார்த்தே எந்த டிவிசன் என்று சொல்லலாம், பத்து இடம் வரை இப்படிப் பிரிக்கலாம். ஆபீஸில் உள்ள மைய அட்டவணைக்கு "பை டிஃபால்ட்" வடிவம் வையுங்கள், வெளியிலிருந்து வரும் எண்கள் தடையின்றி நுழையும்.

இந்த அமைப்பில் மேலே சொன்ன செட்வால் வரியை அப்படியே ஓட்டாதீர்கள். மைய அட்டவணையின் பிரதியை மேல் டிவிசன் மடிகணினியில் திரும்ப ஏற்றி, அதன் மேக்ஸ் 4,573 என்று வந்து, அதோடு 1 கூட்டினால் அந்த மடிகணினி 4,574, 4,584 என்று போகத் தொடங்கும். இன்று மோதாவிட்டாலும், நான்காவது டிவிசன் சேரும் நாளில் மோதும். அந்த டிவிசனுக்குரிய எண்களில் மட்டும், அதாவது பத்தால் வகுத்து மீதி 1 வருபவற்றில் மட்டும் மேக்ஸ் எடுத்து, 1 கூட்டாமல், ஃபால்ஸ் போடாமல் செட்வால் கொடுங்கள். 4,571 கொடுத்தால் அடுத்தது 4,581 வரும்.